உங்கள் தோட்டத்து ஊருக்குப் பிறப்புப் பத்திரம் எழுதுவது எப்படி

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரையொட்டிய மலைப்பகுதியில் ஹான்டோர்ஃப் என்று ஒரு சிற்றூர். பிரஷ்ய மன்னர் திணித்த சர்ச் முறைக்கு இணங்க மறுத்துக் கப்பலேறிய லூத்தரன் குடியானவர்கள் அமைத்த ஊர் அது. 1838 டிசம்பரில் ‘ஸீப்ரா’ கப்பலில் வந்து சேர்ந்தார்கள், 1839-இல் குடியேறினார்கள். தங்களுக்காக அலைந்து நிலம் பேசிக் கொடுத்த கப்பல் கேப்டன் டிர்க் ஹானின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் ‘டோர்ஃப்’ என்றால் ஊர். நம் வாயில் சொன்னால் ஹானூர்.

அந்த ஊர் எந்தக் கப்பலில் எந்த மாதம் வந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அதையே கேட்டால் ‘எங்க தாத்தா காலத்துல’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஹான்டோர்ஃப்காரர்களுக்கு ஞாபகசக்தி அதிகம் என்பதில்லை. கப்பல் பட்டியல், நிலப் பதிவு, சர்ச் பதிவேடு என்று மூன்று வகைத் தாள்கள் அவர்களுக்கு மிஞ்சின, அவ்வளவுதான். நமக்கும் மூன்று வகை உண்டு. பெயர் வேறு, இருக்கும் அலமாரி வேறு.

தேடத் தொடங்குமுன் ஒரு வித்தியாசத்தை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மன் குடியேறிகள் நிலத்துக்காகப் போனவர்கள். டெக்சாஸில் 1846-இல் அமைந்த ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் குடியேறிய ஒவ்வொருவருக்கும் ஊருக்குள் ஒரு மனையும் வெளியே 10 ஏக்கர் வயலும் என்று கணக்கு. அதனால் அவர்கள் பெயர் நிலப் பத்திரத்தில் ஏறியது. தோட்டத்துக்கு வந்த நம் ஆட்களுக்கு ஓர் அடி நிலமும் சொந்தமில்லை. லயத்து வீடுகூட, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகூட, வேலை இருக்கும்வரைதான். ஆகவே நிலப் பத்திரத்தில் தாத்தாவைத் தேடினால் கிடைக்கமாட்டார். சம்பளப் புத்தகத்தில் தேட வேண்டும்.

செக்ரோல், பள்ளிப் பதிவேடு, வீட்டுப் பெட்டி

தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) எழுதிய சம்பளப் புத்தகமான செக்ரோல்தான் நமக்குக் கப்பல் பட்டியல். காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) யார் நின்றார்கள், எத்தனை நாள் வேலை, அரிசிக்கும் முன்பணத்துக்கும் எவ்வளவு பிடித்தம் என்று ஆள்வாரியாக இருக்கும். பெயர்கள் அகர வரிசையில் இல்லாமல் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) அல்லது கங்காணி பிரிவுப்படி வரும். அந்த வரிசையை மாற்றாமல் அப்படியே நகலெடுங்கள். அடுத்தடுத்து வரும் பெயர்கள் பெரும்பாலும் ஒரே கங்காணி ஒரே வட்டாரத்திலிருந்து கூட்டி வந்த ஆட்கள். கணினியில் ஏற்றும்போது அகர வரிசையாக்கிவிட்டால் இந்தத் தகவல் முழுவதும் போய்விடும். பட்டியலின் முதல் நெடுவரிசையில் பக்க எண், இரண்டாவதில் வரி எண், பிறகுதான் பெயர்.

தோட்டம் கைமாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இந்தப் புத்தகங்கள்தான். விற்பனைப் பேச்சு காதில் விழுந்த உடனே மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். புத்தகத்தைக் கொடுங்கள் என்று கேட்டால் தயங்குவார்கள். ‘ஆபீசிலேயே உட்கார்ந்து போட்டோ மட்டும் எடுத்துக்கொள்கிறோம்’ என்றால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். சன்னலோரம் மேசை, ஃபிளாஷ் அணைத்த கைப்பேசி, பக்கத்துக்கு இரண்டு படம் என்று இரண்டு பேர் உட்கார்ந்தால் காலைப்பொழுதில் ஒரு தடிப் புத்தகம் முடிந்துவிடும். ஒருவர் புரட்ட வேண்டும், ஒருவர் எடுக்க வேண்டும். தனி ஆளாகச் செய்தால் பக்கம் தவறும்.

அடுத்தது தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வைத்ததால், பல தோட்டங்களில் பள்ளியின் வயது கிட்டத்தட்ட ஊரின் வயதுதான். பிள்ளை பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு) என்பதெல்லாம் அதில் இருக்கும். தலைமையாசிரியர் அனுமதி வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியை வெளியிடமாட்டோம் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். தோட்டம் அழிந்து பள்ளி இடம் மாறியிருந்தால் பதிவேடும் பெயர்ப்பலகையோடு புதிய இடத்துக்குப் போயிருக்கும். அங்கே போய்க் கேளுங்கள்.

மூன்றாவது வீட்டுத் தகரப் பெட்டி. அதில் கிடைக்கும் பழைய சூராட்டுகளுள் (பத்திரங்களுள்) பிறப்புப் பத்திரம் முக்கியம், பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயரையே எழுதியிருப்பார்கள். 1951-இல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்-இன் பழைய கணக்குத் தாள்களில் முதலாளி யார் என்று தெரியும். ஆள் எந்த வருடம் எந்தக் கம்பெனிக்கு மாறினார் என்பதை அதிலிருந்து அடுக்கலாம். இப்போதைய 12 இலக்க ஐசியில் (அடையாளக் கார்டில்) முதல் 6 எண் பிறந்த தேதி, அடுத்த 2 எண் பிறந்த மாநிலம்: 10 சிலாங்கூர், 08 பேராக், 05 நெகிரி செம்பிலான், 02 கெடா. தாத்தா ‘நான் இங்கேயே பொறந்தேன்’ என்று சொல்லி, எண் 08 என்றால், குடும்பம் பேராக்கிலிருந்து பெயர்ந்து வந்திருக்கலாம். தேதியை மட்டும் நம்பாதீர்கள். மலாயாவில் 1948-இல் அடையாளக் கார்டு கொடுக்க ஆரம்பித்தபோது முகத்தைப் பார்த்து வயது போட்ட கதை வீட்டுக்கு வீடு உண்டு.

ஊருக்கு எத்தனை பெயர்

முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மன் பெயர்கள் ஆகாமல் போயின. தென் ஆஸ்திரேலியா 1917-இல் சட்டம் போட்டு 69 ஊர்ப் பெயர்களை மாற்றியது. ஹான்டோர்ஃப் ‘ஆம்பிள்சைடு’ ஆயிற்று. 1935-இல்தான் பழைய பெயர் திரும்பியது. இடைப்பட்ட 18 வருடச் செய்திகளை ஹான்டோர்ஃப் என்று தேடுபவர் ஊரே காணாமல் போய்விட்டதாக நினைப்பார்.

நமக்கும் இதே பொறி உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது. தோட்டங்களின் நிலைமை இன்னும் சிக்கல். கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, மலாய்ப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் துரையின் குணத்தையோ ஆற்றையோ மரத்தையோ வைத்துக் கூப்பிட்ட பெயர் ஒன்று. எதையும் தேடுமுன் ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: கம்பெனிப் பெயர், தோட்டத்தின் பதிவுப் பெயர், தமிழர் வாய்ப் பெயர், மலாய்க்காரரும் சீனரும் சொல்லும் பெயர், இப்போதைய வீடமைப்பின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த வருடம் முதல் எந்த வருடம்வரை என்று எழுதுங்கள். வாய்ப் பெயரை ‘சரியான’ தமிழுக்குத் திருத்த வேண்டாம். காதில் விழுந்தபடியே எழுதுங்கள்.

இந்தப் பட்டியல் கையில் இருந்தால் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் காப்பகத்தில் தேடலாம், இலவசம். பழைய ஆங்கில நாளிதழ்களில் ரப்பர் கம்பெனிகளின் ஆண்டறிக்கைச் செய்திகள் வரும். எத்தனை ஏக்கர், எந்த வருடம் நட்டது, எத்தனை பவுண்டு ரப்பர் என்று அதில் இருக்கும். ஊரின் தொடக்க வருடத்தை நெருங்க இதைவிட விரைவான வழி இல்லை. கித்தா (ரப்பர்) மரம் நட்ட 6 அல்லது 7 வருடத்தில் பால் வெட்டுக்கு வரும். முதல் உற்பத்திக் கணக்கு எந்த வருடமோ அதிலிருந்து 6, 7 கழித்தால் காடு திருத்திய காலத்தை ஒட்டி வந்துவிடுவீர்கள். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. ஆனால் பழைய தமிழ் அச்சைக் கணினி தவறாகப் படிக்கும். பெயரைத் தட்டித் தேடுவதைவிட தேதியை வைத்து இதழைப் புரட்டுவது மேல்.

நிலச் சொத்துரிமை: எந்த ஆபீஸ்

இதில் ஒரு நாள் வீணாவது வழக்கம். தோட்ட நிலம் மாவட்ட நில அலுவலகத்தில் இருக்கும் என்று எண்ணி அங்கே வரிசையில் நிற்பார்கள். 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நாட்டுப்புற நிலத்தின் பட்டா மாநில நில, கனிம அலுவலகத்தில் பதிவாகும். சிலாங்கூர் என்றால் ஷா ஆலம். லாட் (நிலத் துண்டு) எண்ணையும் முக்கிம் (மாவட்ட உட்பிரிவு) பெயரையும் எடுத்துக்கொண்டு போய் ‘சாரியான் ரஸ்மி’ (அதிகாரப்பூர்வத் தேடல்) கேளுங்கள், கட்டணம் உண்டு. நம் ஆட்கள் பெயர் அதில் வராது. எந்தக் கம்பெனி எந்தத் தேதியில் வாங்கியது, விற்றது என்பதுதான் கிடைக்கும். அந்தத் தேதிகள் செக்ரோலிலும் இ.பி.எஃப் தாளிலும் முதலாளி பெயர் மாறும் இடங்களோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். அதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரே தோட்டம் நான்கு லாட்டாகக் காட்டினால் இந்தத் துண்டாடலை நினைத்துக்கொள்ளுங்கள்.

லயத்து வரைபடம்

செய்து முடித்ததும் ஊரார் கூடி நின்று பார்ப்பது இதைத்தான். நேரம் செலவழிக்கத் தகுந்த வேலையும் இதுதான்.

ஏ3 தாளில் 1 செ.மீ.க்கு 5 மீட்டர் என்று வரைந்தால் ஏறக்குறைய 210 மீட்டருக்கு 148 மீட்டர் அடங்கும். ஒரு டிவிஷன் லயத்துக்குப் போதும். அளவு நாடா இல்லையென்றால் காலடிக் கணக்கு. செம்மண் சாலையில் 50 மீட்டர் குறித்து மூன்று முறை சாதாரணமாக நடந்து சராசரி எடுங்கள். 68 எட்டு என்றால் எட்டுக்கு 73 அல்லது 74 செ.மீ. வேகமாக நடந்தால் எட்டு நீளும். பேசிக்கொண்டே நடந்தால் எண்ணிக்கை போகும்.

லயம் இடிந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டுவிட்டார்கள் என்றால் கை கழுவ வேண்டாம். செம்பனையே அளவுகோலாகும். வழக்கமாக 9 மீட்டர் முக்கோண முறையில் நடுவார்கள், அப்போது வரிசைக்கு வரிசை 7.8 மீட்டர். மண்ணைப் பொறுத்து இடைவெளி மாறும் என்பதால் ஓரிடத்தில் நாடாவால் அளந்து உறுதி செய்துகொண்டு, பிறகு மரத்தை எண்ணியே வரையலாம். கைப்பேசி ஜிபிஎஸ் செம்பனை மட்டைக்கடியில் பல மீட்டர் தள்ளிக் காட்டும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

பழைய லயம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க மரங்களைப் பாருங்கள். செம்பனைக்கு நடுவே முருங்கையும் கறிவேப்பிலையும் மாவும் வரிசையாக நின்றால் அது வீட்டுப் பின்கட்டு. சிமெண்டு வாய்க்காலின் விளிம்பு, கிணற்று வளையம், குளிக்கும் தொட்டியின் அடித்தளம் இவையெல்லாம் மண்ணுக்கடியில் பல வருடம் கிடக்கும். கணினியில் கூகுள் எர்த்தின் பழைய படங்களைப் பின்னோக்கி நகர்த்தினால் 2000-த்துக்குப் பிறகு இடித்தவை பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்கு முந்தியவற்றுக்கு, மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் நில அளவைத் துறை வெளியிட்ட பழைய வரைபடங்களைத் தேடுங்கள்.

வரைபடத்தில் பெரட்டுக்களம், ஸ்டோர், ஆயக்கொட்டகை (பிள்ளைக் காப்பகம்), கள்ளுக்கடை, கோயில், துரை பங்களா, கிராணி வீடு, தீம்பார் (வேலைக்காட்டு) எண்கள் எல்லாம் வரட்டும். வீட்டுக்கு வீடு குடும்பத் தலைவர் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். ஒரே வீட்டில் 1955-இல் ஒரு குடும்பம், 1970-இல் வேறு குடும்பம் இருந்திருக்கும். ஒரே தாளில் இரண்டையும் எழுதினால் குழப்பம். ஒரு வருடத்தைத் தேர்ந்துகொண்டு அதன்படியே முழுத் தாளையும் நிரப்புங்கள். மற்றொரு வருடத்துக்கு மற்றொரு தாள். எந்த வருடம் என்று தாளின் மேல் மூலையில் எழுதாத வரைபடத்தால் பிறகு சண்டைதான் வரும்.

பெரியவர்களிடம் கேட்பது

‘தோட்டத்து வரலாற்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், மேடைப் பேச்சு மாதிரி நாலு வரி வரும், முடிந்துவிடும். ‘பாட்டி, காலையில பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க? விளக்கு யாரு பிடிப்பா? வாளி எங்க கழுவுவீங்க?’ என்று கேளுங்கள். வாளி கழுவிய இடத்திலிருந்து ஸ்டோரும், ஸ்டோரிலிருந்து மண்டோர் பெயரும், மண்டோர் பெயரிலிருந்து சண்டையும் தானாக வரும். வரைபடத்தை முன்னால் விரித்து வைத்துக் கேட்டால் இன்னும் நல்லது. விரல் வைத்துக் காட்டும்போது மறந்த பெயர் திரும்பும்.

வருடம் கேட்காதீர்கள். எல்லாருக்கும் தெரிந்த நிகழ்ச்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஜப்பான்காரன் காலம் 1942 முதல் 1945, அவசரகாலம் 1948 முதல் 1960, மெர்டேக்கா (சுதந்திரம்) 1957, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வந்தது 1969, கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டது அந்தந்தத் தோட்டத்தின் வருடம். ‘மெர்டேக்கா அன்னைக்குப் பள்ளிக்கூடம் போனீங்களா, பால் வெட்டப் போனீங்களா?’ என்ற ஒரு கேள்வி ஐசி தேதியைவிட நம்பகமானது.

கங்காணி பெயரையும் தமிழ்நாட்டு ஊர்ப் பெயரையும் முதல் உட்காரலிலேயே கேளுங்கள். 1938-இல் இந்திய அரசு, பயண உதவி கொடுத்து மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதால், கங்காணி கூட்டி வந்த கதையை நேரில் அறிந்தவர்கள் இனி மிகச் சிலரே. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரையும் அன்றே கேட்டுவிடுங்கள். அந்தப் பெயர்கள் வீட்டாரின் வாயில் மட்டும்தான் இருக்கும். வேறு தாளில் தேடிக் கிடைப்பது அரிது.

பதிவுக்குக் கைப்பேசி போதும். விமான நிலையில் வையுங்கள், இல்லையென்றால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுபடும். மடித்த துண்டின்மேல் பேசுபவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். மேசைமேல் நேரடியாக வைத்தால் விரல் தட்டும் ஓசை எல்லாம் ஏறும். மின்விசிறியை நிறுத்துங்கள். சேவல் கூவினால் போகட்டும். முதல் வரியாக நீங்களே தேதி, இடம், பேசுபவர் பெயர் சொல்லுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் சுமார் 58 எம்பி, இடத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. பேச்சில் சாதியும் குடும்பச் சண்டையும் வரும். பதிவில் இருக்கட்டும், அச்சில் ஏற்றாதீர்கள். அதையும் பேசுமுன்பே சொல்லிவிடுங்கள்.

கோயில் கல்லும் சுடுகாடும்

ஜெர்மன் ஊர்களுக்கு சர்ச் பதிவேடு எப்படியோ நமக்கு மாரியம்மன் கோயில் உபயதாரர் கல். மணியின் விளிம்பையும் குத்துவிளக்கின் அடியையும் விடாதீர்கள், பழைய பெயர்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். எழுத்து மங்கியிருந்தால் கரியோ சுண்ணாம்போ பூசாதீர்கள், சுரண்டவே கூடாது. மாலை மங்கியதும் கைவிளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும். சுடுகாட்டுச் சிமெண்டுக் கல்லுக்கும் இதே முறைதான்.

கல்லில் ஆங்கில வருடம் இல்லாமல் ‘தாது வருடம் தை மாதம்’ என்று மட்டும் இருக்கலாம். அறுபது வருடச் சுற்றில் தாது 1936 சித்திரையில் பிறந்தது, மறுபடி 1996-இல் வந்தது. தை மாதம் என்பதால் கணக்கு 1937 தொடக்கம் அல்லது 1997 தொடக்கம். பலர் 1936 என்று எழுதி ஒரு வருடம் பின்தள்ளிவிடுகிறார்கள். தை, மாசி, பங்குனி என்று வந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். மெர்டேக்கா வந்தது ஹேவிளம்பியில். அதை ஆணியாக அடித்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணலாம். ஆனால் அடுத்த வருடமே விளம்பி. கல்லின் முன்பக்கம் உடைந்து ‘…விளம்பி’ என்று மட்டும் தெரிந்தால் இரண்டில் எது என்று உறுதியாக எழுதாதீர்கள்.

‘முதலில் வந்தவர்கள்’ என்று எழுதுமுன்

ஹான்டோர்ஃப் நின்ற மண் பெரமாங்க் என்ற பூர்வகுடி மக்களுடையது. ஜெர்மன்காரர்கள் வந்தபோது அது ஆளில்லாத காடு அல்ல. இன்றைக்கு அந்த ஊரைப் பற்றி எழுதுபவர்கள் அதைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். நம் தோட்டங்களிலும் ஓராங் அஸ்லி என்னும் பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். கேரித் தீவில் மா மெரி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். காடு வெட்டிய ஆட்களில் ஜாவாக்காரரும் சீனரும் உண்டு. ‘மனித நடமாட்டமே இல்லாத காட்டை நம்மவர்கள் ஊராக்கினார்கள்’ என்ற வரி விழா மலர்களில் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் செக்ரோலே அதை மறுக்கும்.

பத்திரப்படுத்துவது

பழைய புகைப்படங்களை 600 டிபிஐ அளவில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கே இருக்கும். பசை ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்த்தால் முகம் ஆல்பத்தோடு நின்றுவிடும். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். உறவினர்கள் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். கோப்புப் பெயர் வருடம், தோட்டம், வீட்டு எண், வரிசை எண் என்ற ஒரே ஒழுங்கில் இருக்கட்டும். தேதி தெரியாவிட்டால் ‘0000’ என்று தொடங்குங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

மூன்று பிரதி வையுங்கள். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஆற்றோரத் தோட்டங்களில் வெள்ளம் ஒரே இரவில் இரண்டு வீட்டு அலமாரியையும் நனைக்கும். வரைபடத்தின் அச்சுப் பிரதி ஒன்றைக் கோயிலிலும் ஒன்றைப் பள்ளியிலும் கொடுங்கள். அடியில் ‘பிழை இருந்தால் பென்சிலால் திருத்தவும்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிடுங்கள். திருவிழா முடிந்து போய்ப் பார்க்கும்போது குறைந்தது நான்கு வீட்டுப் பெயராவது மாறியிருக்கும்.